கொடுங்கோல் அஞ்சும் சொல்



கொடுங்கோலனிடம் படை உண்டு, சிறை உண்டு, தூக்குமரமும் உண்டு. அத்தனையும் கையிலிருந்தும் அவன் அஞ்சுவது ஒன்றற்கே. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே ஒருவன் எழுந்துநின்று சொல்லிவிடுவானோ என்பதே அவ்வச்சம். ஆதலின், கொடுங்கோன்மை எந்நாட்டில் தலையெடுப்பினும் முதற்கண் சொல்லை நெரிக்கின்றது. அடுத்து, செத்தவர் கணக்கை மறைக்கின்றது. இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தண்பொருநை பாயும் நெல்லை மண்ணே சான்று.

1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களைத் தட்டியெழுப்பியவை வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய பொழிவுகளே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டிய சிதம்பரனார்மேல் வெள்ளையர்க்கு முன்னரே கறுவு மூண்டிருந்தது. மார்ச்சு 9, வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் விடுதலை பெற்ற நாள். அதனைக் கொண்டாடலாகாது என்னும் தடையை மீறி இருவரும் நெல்லையில் முழங்கினர். மார்ச்சு 12-இல் சிறைப்பட்டனர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிகள் முழங்கின, நால்வர் மாண்டனர்.

முறைமன்றத்தில் அவ்விருவர்மேல் சாற்றப்பெற்ற குற்றம் யாது? வாளெடுத்தனரா? கொலை செய்தனரா? இல்லை; பேசினர்! காவலர் எழுதிவைத்த பொழிவுக் குறிப்புகளே அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. 1908 சூலை 7-இல் நடுவர் பின்கே தீர்ப்புரைத்தார். சிவாவுக்குப் பத்தாண்டு. சிதம்பரனார்க்கோ இரட்டை வாழ்நாள் தண்டனை. தாம் பேசியதற்கு ஒன்று, சிவா பேசத் துணைநின்றதற்கு ஒன்று! மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன எனினும், சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்தார். சிவா தொழுநோய்க்கு ஆளானார். ஆயினும் சிறை அவர்தம் வாயை அடைக்கவில்லை. வெளிவந்த சிவா மீண்டும் மேடையேறினார். வழக்குரைஞர் உரிமையும் பறிபோய் வறுமையுற்ற சிதம்பரனார், 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார்.

சிதம்பரனார் பெயரை நெல்லைச் சிறுவனும் அறிவான். மார்ச்சு 13-இல் மாண்ட அந்நால்வரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

ஆண்டவர் அயலார், ஆதலின் சுட்டனர் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மேல் காவலர் தடிகொண்டு பாய்ந்தனர். அன்று 17 உயிர்கள் பொருநையில் மடிந்தன. ஒன்று பால்மணம் மாறாக் குழந்தை. அந்நாள் 1999 சூலை 23. சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்ததும் சூலை 23-ஆம் நாளே. ஆளும் கை மாறினும் அடக்குமுறையின் குணம் மாறவில்லை.

இனத்தையே அழிக்கும் கொடுமைக்கு எதிராக எழுந்த சொற்களும் உலகில் உண்டு. செருமனியில் இட்லரின் ஆட்சி யூதரைக் கொன்று குவித்தபோது, மூனிச்சுப் பல்கலைக்கழக மாணவர் சிலர் ‘வெள்ளை உரோசா’ என்னும் பெயரில் துண்டறிக்கை விடுத்தனர். போலந்தில் 3,00,000 யூதர் கொல்லப்பட்டனர் என்று 1942-இலேயே அவர்கள் எழுதினர். 1943 பிப்ரவரி 18-இல் ஆன்சு சோலும் அவர் தங்கை சோபி சோலும் பிடிபட்டனர். 22-இல் இருவர் தலையும் வெட்டுண்டன. அவர்க்கு அகவை 24, அவளுக்கு 21. செத்தவர் வேற்றினத்தார், கொன்றதோ தம் நாட்டரசு. எனினும் அவர்கள் வாய்மூடி இருந்திலர்.

சிதம்பரனாரின் கப்பல் சென்ற கடலுக்கு அப்பாலும் அத்தகையோர் உண்டு. தம் அரசு தமிழ்க் குடிமக்கள்மேல் குண்டு வீசுவதைக் கண்டித்தெழுதிய சிங்கள இதழாசிரியர் இலசந்த விக்கிரமதுங்கர் 2009 சனவரி 8-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். 2011 சனவரியில், இலங்கை அரசே அமைத்த ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். மாவட்டச் செயலகங்களின் பதிவுப்படி 2008 அக்தோபரில் வன்னியில் இருந்தவர் 4,29,059 பேர். ஐ.நா. கணக்குப்படி, போரின் முடிவில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? ஆரவாரம் இல்லை, வசைமொழி இல்லை, ஒரு வினா மட்டுமே. அடுத்த ஆண்டில் அவரைப் புலனாய்வுத் துறையினர் உசாவினர். 2021 ஏப்ரல் 1-இல் ஆயர் மறைந்தார். அவர் வினா மறையவில்லை, விடையும் வரவில்லை.

இவர்தம் சிலைகளுக்கு மாலையிடுவது எளிது. இவர்தம் கடமையை ஏற்பதே அரிது. அக்கடமை இரண்டு. மாண்டோரைப் பெயர் பெயராக எண்ணி எழுதி வைத்தல் ஒன்று. கொல்லப்படுவோர் தம்மினத்தார் அல்லர் எனினும், கொல்பவர் தம்மவரே எனினும், அன்றும் வாய்திறத்தல் மற்றொன்று. தம் துன்பத்தை மட்டும் பேசுவது முறையீடு. பிறர் துன்பத்தையும் பேசுவதே அறம்.

மார்ச்சு 13-தோறும் அந்நால்வர் பெயரும், சூலை 23-தோறும் அப்பதினெழுவர் பெயரும் பொருநைக் கரையில் உரக்க ஒலிக்கட்டும்! பெயர் ஒலிக்கும்வரை கணக்கு மறையாது; கணக்கு மறையாதவரை கொடுங்கோலுக்கு உறக்கமில்லை!