பிறந்த நாளில் கண் திறந்த எமிலி

2012 ஏப்ரல். அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை. எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி கொடுத்தும் நோய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

அதுவரை எந்தக் குழந்தைக்கும் செய்திராத ஒரு சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதித்தார்கள். எமிலியின் ரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கும் டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மறுபடி அவள் உடலுக்குள் செலுத்தினார்கள். கார்-டி சிகிச்சை என்று பெயர்.

அப்புறம்? காத்திருப்புதான்.

கடும் காய்ச்சல். மூச்சுக்கு வென்டிலேட்டர். நினைவு இல்லை. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்போது ஆராய்ச்சியாளர் கார்ல் ஜூனுக்கு ஒரு மருந்து நினைவுக்கு வந்தது. அவருடைய மகளுக்கு மூட்டுவாதம். அந்த நோய்க்குக் கொடுக்கும் டோசிலிசுமாப், இந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. மே 2 அன்று எமிலி கண் விழித்தாள். அன்று அவளுக்கு ஏழாவது பிறந்த நாள்!

நோய் போயிற்றா என்று தெரிய இன்னும் எட்டு நாள் ஆயிற்று. மே 10 அன்று முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை.

ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. கார்-டி சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆகவே, சிகிச்சையின் முடிவுக்காகக் காத்திருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், வெறும் ஆறுதல் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்; அடுத்த பரிசோதனைக்குத் துணையாகக் கூடவே போங்கள்.