ஒருவர் கையால் ஓயாத நோய்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று பேசி வருகிறோம். மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்பது பலருடைய விருப்பம். நல்ல விருப்பம்தான். முடிவெடுக்குமுன், நமது அயலில் நடந்த ஒரு வரலாற்றை நினைத்துப் பார்ப்போம்.

கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கினால் கேகாலை மாவட்டம். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலிலும் பாறை இடுக்கிலும் தெளிந்த நீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அங்கே பெருகியது. ஈரவலய மக்களுக்கு அந்நோய் அதிகம் பழக்கமில்லை. உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 1935க்குள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன.

பின்னர் டி.டி.ரி. வந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே பதிவாயினர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாடு கண்டுகொண்டது.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இதைச் சாதித்தவர் யார்? குடம்பிகளைத் தேடி நீர்நிலைகளில் இறங்கிய பூச்சியியல் உத்தியோகத்தர். விரல் நுனியில் எடுத்த இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியில் மணிக்கணக்காகப் பார்த்த ஆய்வுகூடத்தார். எந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கிட்ட புள்ளிவிபரவியலாளர். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியும் அழியும்படி 14 நாளும் மாத்திரை விழுங்கச் செய்த களப்பணியாளர். இவர்களோடு வைத்தியரும் பேராசிரியரும். இதில் ஒருவர் விலகினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

சான்றிதழ் கிடைத்த சில மாதங்களிலேயே, அதுவரை இங்கே காணப்படாத வேறொரு மலேரியா நுளம்பு மன்னாரில் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டதும் களத்தில் தேடிக்கொண்டிருந்த குழுவே.

மருத்துவ ஆய்வு இன்று எங்கும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் நம் ஊர்களில் பாடசாலை வாசலில் பதாகை கட்டுவது மருத்துவ பீடம் சென்ற பிள்ளைக்கு மட்டுமே. சில புள்ளிகளால் அதைத் தவறவிட்டவள் தோற்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்குள் ஒதுங்குகிறாள். நாட்டுக்கு அவளும் வேண்டும்.

ஆகவே நமது வேண்டுகோள் மூன்று. புலமைப்பரிசிலில் ஒரு பங்கை மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல், புள்ளிவிபரவியல், விலங்கியல் கற்கும் மாணவிகளுக்கு ஒதுக்குவோம். பாடசாலை விஞ்ஞானப் போட்டியில் தனிப் பரிசோடு குழுப் பரிசும் வைத்து, சான்றிதழில் ஒவ்வொருவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதுவோம். இத்துறைகளில் பணிபுரியும் பழைய மாணவிகள், எந்த நாட்டில் இருந்தாலும், ஆண்டுக்கொருமுறை உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு பேச முன்வரவேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் நமது வாசலில் கட்டும் பதாகையில் பல பெயர்கள் இருக்கட்டும்.