ஊர்த்தெருவோடு நின்றுவிடும் ஒயர்

(புதுச்சேரியில் இளைஞர்கள் நடத்தும் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாடகை வீடும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு வீடு எடுத்து, அந்த வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்குவதற்கு நான் பட்ட பாடுதான் அது.

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை மூடப்பட்ட பிறகு, அதை நம்பியிருந்த கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பது என் ஆய்வு. அதற்காக மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஓர் ஊரில் தங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கிளம்பி வந்துவிட்டேன். அங்கே இருப்பவர்கள் அங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு எதற்கு வீட்டு இணைப்பு, செல்போன் டேட்டா போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பகலில் எடுக்கிற நேர்காணல் ஒவ்வொன்றும் ஒரு மணி, ஒன்றரை மணி நேர ஒலிப்பதிவு. அதை இரவிலேயே ஏற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். நெறியாளரோடு வீடியோவில் பேச வேண்டும். நான் தங்கிய வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். நன்றாக எடுக்க வேண்டுமென்றால் தெருமுனைக்கு வர வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தெருமுனையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார முடியுமா?

முதலில் ஊர்த்தெருவில்தான் வீடு தேடினேன். நான்கு வீடுகள் பார்த்தேன். ஒரு வீட்டில் மாடிப் போர்ஷன், நல்ல காற்று. வாசலில் இருந்த கம்பத்திலேயே நெட் பெட்டி தொங்கியது. வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்தார். அன்பாகத்தான் பேசினார்.

“எந்த ஊரும்மா?”

“திண்டிவனம் பக்கம்.”

“திண்டிவனம் பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க. நீ எந்தத் தெரு?”

“காலனி” என்றேன்.

அவர் முகத்தில் கோபமில்லை, வெறுப்பில்லை. “அவரு வரட்டும்மா, கேட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாள் போன் செய்தபோது, தங்கச்சி மகன் குடிவருவதாகச் சொன்னார். நான் ஊரைவிட்டுக் கிளம்பும் நாள்வரை அந்தப் போர்ஷன் பூட்டியே கிடந்தது. மற்ற மூன்று வீடுகளில் கேள்விகள் வேறு. கவுச்சி சமைப்பீங்களா, தனியாவா இருப்பீங்க, அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். முடிவு ஒன்றுதான்.

இது கிராமத்துப் பழக்கம், நகரத்தில் கிடையாது என்று யாரும் நினைக்க வேண்டாம். சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவதை ஆய்வு செய்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித் பெயருக்குப் பல இடங்களில் மறுப்பு. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் கூடுதலான மறுப்பு.

கடைசியில் காலனியில் ஓர் அக்கா தன் வீட்டின் முன்னறையைக் கொடுத்தார். அட்வான்ஸ் கேட்கவில்லை. “போறப்ப கரண்ட் பில்ல மட்டும் கட்டிட்டுப் போ” என்றார். அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு சென்டாக் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தாள். வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்துகிற அமைப்பு சென்டாக். விண்ணப்பம், சான்றிதழ் ஏற்றுவது, கலந்தாய்வு எல்லாமே இணையத்தில்தான்.

நெட் இணைப்புக் கொடுக்கிற கேபிள்காரருக்குப் போன் செய்தேன். என்ன வேகம் வேண்டும், எந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தெரு மேடம்?”

அங்கே லைன் இல்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், ஒயர் இழுக்கக் கம்பம் இல்லை. காலனிக்குள் கரண்ட் கம்பம் வரிசையாக நிற்கிறது. ஊர்த்தெருவிலும் அவர் ஒயர் அதே மாதிரிக் கரண்ட் கம்பத்தில்தான் போகிறது.

இரண்டாவது, அவ்வளவு தூரம் சிக்னல் போகாது. ஊர்த்தெருவின் கடைசிப் பெட்டியிலிருந்து அக்கா வீட்டு வாசல்வரை நடந்து பார்த்தேன். 260 எட்டு. 200 மீட்டருக்குள்தான் இருக்கும். ஒளியிழைக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. கேபிள்காரர் அலுவலகத்திலிருந்து ஒரு இழை கிளம்புகிறது. கம்பத்தில் தொங்கும் பெட்டியில் அது எட்டாகவோ பதினாறாகவோ பிரிகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் வீட்டு மோடத்துக்கு வருகிறது. இப்போது வீடுகளுக்குக் கொடுக்கிற இந்தத் தொழில்நுட்பம் 20 கிலோமீட்டர் வரை போகும்படி வடிவமைக்கப்பட்டது. இருபது கிலோமீட்டர் போகிற வெளிச்சம் இருநூறு மீட்டரில் அணைந்துவிடாது.

மூன்றாவது, “மூணு மாசத்துக்காக ஒயரும் மோடமும் போட்டா எனக்குக் கட்டுமா?” இதில் நியாயம் இருக்கிறது. குறுகிய காலத்துக்கு வீடு எடுக்கிற எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. ஒயர் செலவை நானே தருகிறேன், மோடத்துக்கு முன்பணம் கட்டுகிறேன், போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான்காவது காரணம் வந்தது. “உங்களுக்குப் புரியாது மேடம். அங்க குடுத்தா மாசா மாசம் வசூல் பண்ண முடியாது.” நான் அந்தத் தெருவில் தங்கியிருக்கிற வெளியூர்க்காரி என்றுதான் அவர் நினைத்தார். நானும் அந்தத் தெருக்காரிதான் என்று நினைக்கவில்லை.

இதற்கிடையில் சென்டாக் விண்ணப்பம் தொடங்கியது. அக்காவும் மகளும் திருக்கனூர் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். கூட்டம், சர்வர் மந்தம், திரும்பி வந்தார்கள். மறுநாள் போய் ஏற்றினார்கள். பிறகு சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை என்று திருத்தம் கேட்டார்கள். மறுபடியும் பஸ். மூன்று நாள் கூலி போயிற்று. ஊர்த்தெருவில் அதே வகுப்பில் படித்த பெண் வீட்டில் உட்கார்ந்தபடியே இதைச் செய்து முடித்திருப்பாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்த அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நேராகப் பக்கத்து வீடுகளுக்குப் போனார். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஐந்து வீடுகளைச் சேர்த்தார். ஐந்து இணைப்பு வேண்டும் என்று அவரே கேபிள்காரரிடம் பேசினார். ஐந்து என்றதும் அவர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வீடும் ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். ஊர்த்தெரு மளிகைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் மாதா மாதம்தான் கட்டுகிறார். ஆறு மாத முன்பணம் என்ற பேச்சையே அவர் கேள்விப்பட்டதில்லை.

சாதி பணத்துக்கு முன்னால் கரைந்துபோகும், சந்தை வந்தால் எல்லோரும் வாடிக்கையாளர்தான் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்த ஆறு மாதத்தைத்தான் காட்டுவேன். சந்தை காலனிக்குள்ளும் வந்தது. வரும்போது ஒரு கூடுதல் விலையோடு வந்தது.

முன்பணம் முழுவதையும் நானே கட்டிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். என் உதவித்தொகை வந்திருந்தது. அவர் மறுத்துவிட்டார். “நீ மூணு மாசத்துல போயிடுவ கண்ணு. உம் பேருல இருந்தா அதுவும் உங்கூடயே போயிடும். எம் பேருல இருக்கட்டும்.” சுய உதவிக் குழுக் கடனில் கட்டினார். நான் மாதா மாதம் வாடகையோடு என் பங்கைக் கொடுத்தேன். கேட்ட நாளிலிருந்து 23ஆம் நாள் ஒயர் வந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது அந்த வீட்டில் பதினோரு பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

அன்றிரவு எனக்கு அண்ணலின் பரோடா நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை கொடுத்த பரோடா அரசில் வேலை பார்க்க வருகிறார். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். மாடியில் அவர் மட்டும். மின்விளக்கு கிடையாது. விடுதிக்காரர் மாலையில் ஒரு சின்ன அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைப்பார். அதன் வெளிச்சம் சில அங்குலத்துக்கு மேல் போகாது. தனிமையை மறக்கப் படித்துக்கொண்டே இருந்ததாக எழுதுகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இரண்டு நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல் இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

அன்று படிக்கிறவருக்கு விளக்கு எப்படியோ, இன்று நெட் அப்படி. கேரளத்தில் கல்லூரி விடுதி மாணவி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2020 ஜூன் 1, ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள், அதே கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி பழுது. ஸ்மார்ட்போன் இல்லை. தீர்ப்பு இருந்தது, வீட்டில் இணைப்பு இல்லை.

2023 ஜூனில் கேரள அரசு கே-ஃபோன் என்ற தன் சொந்த ஒளியிழை வலைப்பின்னலைத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. தொடக்கத்தில் தொகுதிக்கு 100 வீடுகள், மொத்தம் 14,000. இலக்குக்கும் தொடக்கத்துக்கும் நடுவே நீண்ட தூரம். இருந்தாலும் வீட்டுக்கு நெட் கொடுப்பது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டதே ஒரு படி.

நம் பக்கம் என்ன? கிராம ஊராட்சிகள்வரை ஒளியிழை கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்தது. அதுதான் இன்றைய பாரத்நெட். ஊராட்சி அலுவலகத்திலிருந்து காலனிக்கு யார் கொண்டுவருவது? கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிகள் நடத்துகிறார்கள். காலனியிலிருந்து ஓர் உறுப்பினர்கூட இல்லை.

ஆகவே இங்கிருக்கும் இளம் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, ஆய்வுக்கோ வேலைக்கோ கிராமத்தில் தங்கப் போகிறவர்கள் இணைப்பை வீட்டுக்காரர் பெயரில் வாங்குங்கள். நீங்கள் போன பிறகும் அது அங்கே இருக்கட்டும்.

இரண்டு, உங்கள் ஊரில் நெட் ஒயர் எந்தக் கம்பத்தோடு நிற்கிறது என்று நடந்து பாருங்கள். வரைபடமாக வரையுங்கள். தூரத்தை எழுதுங்கள். அதை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். சிக்னல் போகாது என்ற பொய்க்கு அந்தக் காகிதம் பதில் சொல்லும்.

மூன்று, தனித்தனியாகக் கேட்காதீர்கள். தெருவாகக் கேளுங்கள். பெட்டிக்கடைகூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை கொடுக்கலாம் என்று 2020 டிசம்பரில் பிஎம்-வாணி திட்டம் வந்திருக்கிறது. காலனியின் சமுதாயக் கூடத்தில், படிப்பகத்தில் ஓர் இணைப்பு வேண்டும் என்று கேட்போம். உள்ளாட்சித் தேர்தலை நடத்து என்ற கோரிக்கையையும் அதோடு சேர்த்தே வைப்போம்.

கிளம்பும் நாளில் அக்காவின் மகள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பை எடுத்துக்கொண்டு நின்றபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. “ஒரு நிமிஷம்க்கா, ஏறிக்கிட்டிருக்கு” என்றாள். காத்திருந்தேன்.