இயங்குபட விழாவும் நம் இளைஞரும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கணிப்பொறி இயங்குபட விழாக்களுக்கு நம் இளைஞர்கள் படைப்புகளை அனுப்புவது பற்றிப் பேசுமாறு கழகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். கரும்பலகையோடும் சுண்ணக்கட்டியோடும் காலம் கழித்த தலைமையாசிரியருக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நாம் இழைத்த ஒரு பிழையே அத்தொடர்பு. அதனை முதலில் சொல்லிவிடக் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், கழகத்தின் மாலைப் பயிற்சி நிலையத்தில் பயின்ற தம்பி ஒருவர் அங்கிருந்த பழைய கணிப்பொறியில் மூன்று நிமிடப் படமொன்றை உருவாக்கினார். தேநீர்க் கடையின் கூரை இறவாணத்தில் ஒரு கொட்டாங்கச்சி தொங்குகிறது. நடவு முடித்து வரும் பாட்டி நாள்தோறும் அதில் தேநீர் வாங்கிக் குடித்து, கழுவி, மீண்டும் மாட்டிவிட்டுச் செல்கிறாள். ஒருநாள் பேரன் உடன் வருகிறான். கொட்டாங்கச்சியையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறான். அன்று பாட்டி அதைக் கழுவவில்லை. தரையில் வைத்துவிட்டுப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். படத்தில் பேச்சு ஒரு சொல்லும் இல்லை.

அதனை வெளிநாட்டு விழா ஒன்றிற்கு அனுப்ப விரும்பி, ஆங்கில விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு அத்தம்பி நம்மிடம் வந்தார். "முதலில் தேர்வாணையத் தேர்வுக்குப் படி, தம்பி, இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறி, அத்தாளை வாங்கி மேசையில் வைத்தோம். கடைசி நாள் கடந்துபோயிற்று. அவர் நம்மைக் குறைகூறவில்லை. அதுவே நம்மை உறுத்திற்று. அதன் பின்னரே இவ்விழாக்களைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். கற்றதை உங்கள்முன் வைக்கிறோம்.

கணிப்பொறி வரைகலை அறிஞர்கள் கூடும் சிக்ராஃப் மாநாடு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. அம்மாநாட்டோடு இணைந்த இயங்குபட விழா உலகப் புகழ் பெற்றது. 2008இல் சிங்கப்பூரில் தொடங்கி, ஆசிய நாடுகளிலும் சிக்ராஃப் ஆசியா என்னும் பெயரில் மாநாடு நடைபெற்று வருகிறது. பிரான்சு நாட்டின் அன்னெசி நகரத்து விழா இவற்றினும் பழையது, 1960இல் தோன்றியது.

இவ்விழாக்களில் விலையுயர்ந்த கருவி உடையோரே வெல்வர் என்பது தவறான எண்ணம். 1984இல் ஜான் லாசெட்டர் என்னும் கலைஞர் பங்குகொண்டு ஆக்கிய குறும்படமொன்று சிக்ராஃப் அரங்கில் திரையிடப்பட்டபோது அதன் சில பகுதிகள் முற்றுப்பெறாமல் வெறும் கோட்டுருவமாகவே இருந்தன. கதையில் ஆழ்ந்திருந்த பார்வையாளர் பலர் அக்குறையைக் கவனிக்கவே இல்லையாம். 1986இல் டல்லாஸ் நகரில் அவர் இரண்டு மேசை விளக்குகளையும் ஒரு பந்தையும் மட்டுமே கொண்ட சிறுபடத்தைக் காட்டினார். ஜிம் பிளின் என்னும் வரைகலை அறிஞர் அவரை அணுகினார். நிழல் விழும் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் எண்ண, அவரோ பெரிய விளக்கு தாயா, தந்தையா என்று கேட்டாராம்! கணக்கறிந்த மேதையும் கதையையே கேட்டார் என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பொருட்செலவு. பிளெண்டர் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். 2002ஆம் ஆண்டில் பொதுமக்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ நன்கொடை திரட்டி அதனை உலகுக்குப் பொதுவாக்கினர். பலர் கூடிப் பணம் சேர்த்து ஒரு பொதுப்பொருளை உண்டாக்குதல் எத்தகையது என்பதை, கூலியில் மிச்சம் பிடித்து இக்கழகத்தைக் கட்டிய நம் பெற்றோர்க்கு விளக்க வேண்டியதில்லை. லாத்வியா என்னும் சிறிய நாட்டின் இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் தம் முதல் முழுநீளப் படத்தைத் தனியொருவராகவே உருவாக்கினார். அது 2019இல் அன்னெசியில் பரிசு பெற்றது. பின்னர்ச் சிறு குழுவோடு, பிளெண்டரைக் கொண்டு அவர் ஆக்கிய ‘ஃப்ளோ’ என்னும் படம் 2025இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. ஒரு பூனையின் கதை அது. அதிலும் உரையாடல் கிடையாது.

இனி அனுப்பும் முறைக்கு வருவோம்.

முதலாவது, காலக் கணக்கு. ஒரு விநாடிக்கு 24 படங்கள் எனில், மூன்று நிமிடத்திற்கு 4,320 படங்கள். பழைய கணிப்பொறி ஒரு படத்தை முடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மொத்தம் 360 மணி நேரம். அதாவது இரவு பகலாகப் பதினைந்து நாட்கள். எனவே கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வேலையைத் தொடங்குக. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சேமிக்குமாறு அமைத்துக்கொண்டால் மின்சாரம் நின்றாலும் ஒரு படமே வீணாகும்.

இரண்டாவது, விதிகள். படத்தின் நீளம், முடிக்கப்பட்ட ஆண்டு, மாணவர் பிரிவு ஆகியவற்றை விதிமுறையில் பார்த்துக்கொள்க. கடைசி நேரம் என்பது பெரும்பாலும் அந்நாட்டுக் கடிகாரப்படி அமைவது. பத்து நாட்கள் முன்னதாக அனுப்புவோர்க்கு அச்சமில்லை.

மூன்றாவது, உரிமை. திரைப்படப் பாடலை எடுத்துச் சேர்த்தல் ஆகாது. நம் தெருவின் பறையிசைக் கலைஞர்களை வாசிக்கச் செய்து, எழுத்து வடிவில் இசைவு பெற்று, அவர்தம் பெயரையும் திரையில் காட்டுக. அதுவே முறை, அதுவே மரியாதை.

நான்காவது, கட்டணம். சில விழாக்களுக்குக் கட்டணமில்லை. சில விழாக்கள் வேண்டிக் கேட்டால் விலக்கு அளிப்பதுண்டு. பணம் பறிப்பதற்கென்றே விழா என்னும் பெயரில் இயங்குவோரும் உளர். முந்தைய ஆண்டுகளில் உண்மையாகவே அரங்கில் படம் காட்டினார்களா என்று விசாரித்த பின்னரே பணம் கட்டுக.

ஐந்தாவது, கதைச் சுருக்கம். அத்தம்பியோடு அமர்ந்து நாம் முதலில் எழுதியது இரண்டு பக்கம். தீண்டாமையின் வரலாறு முழுவதையும் அதில் அடக்கிவிட்டோம். அதனைக் கிழித்துவிட்டு மூன்று வாக்கியம் எழுதினோம். தேநீர்க் கடையில் மற்றவர்க்குக் குவளையும் பாட்டிக்குக் கொட்டாங்கச்சியும் தரப்படுகின்றன என்பதே முதல் வாக்கியம். அயல்நாட்டு நடுவருக்கு அது போதும். எஞ்சியதைப் படம் சொல்லும்.

ஆறாவதே மிகவும் கடினமானது. ‘படைப்பாளரைப் பற்றி’ என்று ஒரு கட்டம் விண்ணப்பத்தில் உண்டு. அத்தம்பி மற்றவை அனைத்தையும் நிரப்பி, அதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். காரணம் கேட்டோம். "எந்த ஊர் என்று கேட்பவர்கள் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள், ஐயா" என்றார். நம்மிடம் உடனே மறுமொழி இல்லை. நாமும் பணியில் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடியபோது அக்கேள்விக்கு அஞ்சி ஊரின் பெயரை மாற்றிச் சொன்னவரே.

இளைஞர்களே! அக்கட்டத்தில் எவ்வளவு எழுதுவது என்பது உங்கள் உரிமை. எவரும் உங்களை வற்புறுத்தலாகாது. ஆனால் வெட்கத்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். வெட்கப்பட வேண்டியது கொட்டாங்கச்சியில் ஊற்றிய கையேயன்றி, அதை வாங்கிய கையன்று. அன்று மாலை அத்தம்பி தம் பெயரையும், ஊரையும், பாட்டியின் பெயரையும் எழுதினார்.

அவ்வாண்டு வேறொரு விழாவிற்கு அனுப்பிய படம் தேர்வு பெறவில்லை. அதனையும் மறைக்காமல் சொல்கிறோம். பெரிய விழாக்களில் வந்து குவியும் படங்களுள் ஒரு சிறு பகுதிக்கே இடம் கிடைக்கும். மறுப்புக் கடிதம் படைப்பாளியின் தகுதிச் சான்றிதழ் அன்று. தம்பி பாட்டியின் நடையைத் திருத்தி மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறார், தேர்வுக்கும் படிக்கிறார். இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடும் என்பதை மாணவரே ஆசிரியருக்குக் கற்பித்துவிட்டார்.

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைக் கொணர்ந்தார். தம் காலத்து அச்சுக்கூடத்தை அப்பெரியோர் தம் மக்களுக்காகக் கைக்கொண்டனர். இன்றைய அச்சுக்கூடங்களுள் கணிப்பொறித் திரையும் ஒன்று.

ஆகவே கழகத்தாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்: விழாக்களின் கடைசி நாட்களைக் குறிக்க ஒரு பதிவேடு, விண்ணப்பக் கட்டணத்திற்கென ஒரு சிறு நிதி, இரவிலும் கணிப்பொறி இயங்கப் பூட்டும் பாதுகாப்பும் உள்ள ஓர் அறை. விண்ணப்பத்தைத் திருத்தித் தரும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். இனி எந்தத் தாளும் நம் மேசையில் நாள் கடந்து கிடக்காது என்று இந்த அவையில் உறுதி கூறுகிறோம்.