முறைப்பெயர்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு மேடை புதிது. விண்ணப்பங்களைப் படிப்பதே எம் தொழில். அண்மையில் நம்மவர் ஒருவர் 'கசின் திருமணம்' எனக் காரணம் காட்டி விடுப்புக் கேட்டிருந்தார். "சிற்றப்பா மகனா, அத்தை மகனா?" என்று வினவினோம். "ஏதோ ஒன்று, சார்" என்று நகைத்தார். அவருக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது. எமக்குத்தான் அந்த 'ஏதோ ஒன்று' தொண்டையில் முள்ளாக நின்றது.

உறவைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியர் 'முறைப்பெயர்' என்றார். பண்டைத் தமிழில் எம் தந்தை எந்தை. நும் தந்தை நுந்தை. பிறர் தந்தையே தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய் எனவும், எம்பி, உம்பி, தம்பி எனவும் வழங்கின. யாருடைய உறவு என்பதைச் சொல்லே காட்டிற்று. இன்று எஞ்சியிருப்பது மூன்றாவது மட்டுமே. பழைய கணக்குப்படி 'என் தம்பி' என்பதே சற்று வேடிக்கையான தொடர்தான்!

நருமதைக் கரையிலுள்ள இவ்வூரின் இந்தியும் உறவுச் சொல்லில் வறியதன்று. தாயின் உடன்பிறந்தான் மாமா. தந்தையின் உடன்பிறந்தாள் கணவர் பூபா. மனைவியின் தந்தை சசுர். நமக்கோ மூவரும் மாமாவே. மேற்போக்காக நோக்கின் இது சொற்பஞ்சம் எனத் தோன்றும். உண்மை வேறு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் அம்மூவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். ஆதலின் ஒரு சொல் போதியதாயிற்று. மறுபுறம், பெரியப்பா, சிற்றப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் நமக்கு உடன்பிறந்தாரே. அத்தை மக்களும் மாமன் மக்களும் அவ்வாறல்லர். அவர்கள் மணமுறை உடையவர்கள். நெல்லையார் மதினி என்பாரைத் தஞ்சையார் அண்ணி என்பர். பெயர் மாறினும் இவ்வரம்பு மாறுவதில்லை. அமெரிக்க அறிஞர் மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில், அந்நாட்டுப் பழங்குடியினரான செனெகா மக்களின் பாகுபாடும் தமிழர் பாகுபாடும் பெரிதும் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார்.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சி. எம் தமக்கையாரும் இக்காலனியிலேயே வாழ்கிறார். சென்ற ஆண்டு ஆவணி முழுநிலா நாளில், அண்டை வீட்டுச் சிறுமியரைக் கண்டு, ஒன்பது வயதான எம் மகள் தன் தம்பிக்கும் தமக்கையாரின் மகனுக்கும் இராக்கி கட்டினாள். ஊரிலிருந்து வந்திருந்த எம் அன்னையார் அதைக் கண்டார். அன்று பகல் அவர் உணவு கொள்ளவில்லை.

"முறைப் பையன் கையிலே தங்கச்சிக் கயிறா? என் மகளுக்கு இந்த வீட்டிலே இனி என்ன பாத்தியதை, ஐயா?" என்றார்.

இவ்விரு சிறாரையும் மணமுடிக்கும் எண்ணம் எமக்கும் இல்லை, தமக்கையார்க்கும் இல்லை. நெருங்கிய உறவில் மணப்போரின் மக்களுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு மிகுதி என மருத்துவர் கூறுவதை அறிவோம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அண்ணன் பிள்ளையையும் தங்கை பிள்ளையையும் மணத்தடைப் பட்டியலில் சேர்த்து, இரு தரப்பாரின் வழக்கமும் இடந்தரின் தடையில்லை என விலக்கும் அளித்தது. ஆயினும் அன்னையாரின் வருத்தம் மணத்தைப் பற்றியதன்று. தமக்கை மகனைத் தமிழ் 'மருமகன்' என்கிறது. அம்முறையால்தான் அவனுக்கு எம் மடியில் இருத்திக் காது குத்தினர். அவன் திருமணத்தில் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவரும் யாமே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் 'அங்கிள்' மீது இக்கடன் எதுவும் இல்லை. ஒரு கயிறு இவ்வளவையும் அறுத்துவிடுமோ என்றே அன்னையார் அஞ்சினார். அவ்வச்சத்தைப் பேதைமை என்று தள்ள எம்மால் இயலவில்லை.

தமக்கையாரோ, "தம்பி, அவிழ்க்கச் சொல்லிராதே. சின்னப் பிள்ளை ஆசையாய்க் கட்டினது" என்றார்.

பையன் எம்மிடம் வந்து, "மாமா, அவள் எனக்குப் பஹன் இல்லையென்றால் வேறு என்ன?" என்று கேட்டான். மாமன் மகள் என்றோம். "அது சரி, என்ன சொல்லிக் கூப்பிடுவது?" என்றான். இத்தனை முறைப்பெயர் கற்ற எமக்கு அதற்கு விடை தோன்றவில்லை. "பெயர் சொல்லிக் கூப்பிடு" என்றோம். அன்றைக்கு முதன்முறையாக அன்னையார் சிரித்தார்.

கயிறு அவன் கையிலேயே கிடந்து நைந்து விழுந்தது. இவ்வாண்டு ஆவணி நெருங்கியபோது அன்னையார் தொலைபேசியில், "பிள்ளை கயிறு வாங்கிட்டாளா?" என வினவினார். யாம் பேச்சை மழையின் பக்கம் திருப்பினோம். முதல்நாளே இரண்டு வாங்கி வைத்திருந்தாள்.