புத்தளத்து உப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கு. உண்ணும் உணவில் உப்பின் அளவு சிறிது; ஆயினும் அச்சிறு பொருள் இல்லாதவிடத்து ஏனையவை யாவும் சுவையிழந்து போகின்றன. அடுப்படிச் சட்டியில் இருக்கும் அவ்வுப்பு எவ்வழியாக வீடு வந்து சேர்ந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளத்தையும் பாலாவியையும் சூழ்ந்து கிடக்கும் உப்பளங்கள் அவ்வழியின் தொடக்கங்களுள் ஒன்றாகும்.

கடல்நீரின் நூறு பங்கில் ஏறக்குறைய 3½ பங்கே உப்பு. அந்நீர் பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்னரே பாத்திகளில் உப்புப் படியத் தொடங்கும். அளவு கடந்து வற்றவிட்டாலோ கசப்பான மக்னீசிய உப்புக்களும் உடன் கலந்துவிடும். ஆதலால் வேளையறிந்து மிஞ்சிய நீரை வடித்து, உப்பை வாரிக் குவிப்பது பழகிய கைகளுக்கே உரிய தொழில். இதற்குக் கடனீரேரியின் நீரும், வெயிலும், காற்றும் போதும். ஆனால் வாரக்கணக்கில் விளைந்ததை ஓரிரவு மழை கரைத்துவிடும். அதற்கு ஈடு செய்ய எந்த இயந்திரமும் இல்லை.

இவ்வுப்புக்கு அரசியல் வரலாறும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், உள்நாட்டின் ஒரு பகுதிக்குப் புத்தளத் துறையிலிருந்தே உப்பும் மீனும் சென்றதை எழுதிவைத்துள்ளார். அக்காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பி, கடனீரேரியின் வாயிலைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டனர். மலைநாட்டிற்குள் பொதிமாடுகள் சுமந்து சென்ற உப்பைத் தடுத்தால், பீரங்கி முழங்காமலே ஓர் அரசை வருத்தலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1766இல் கண்டி அரசனோடு செய்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. மலைநாட்டார் கரைக்கு வந்து உப்பெடுத்துக்கொள்ள இடமளிக்கும் விதியும் அவ்வுடன்படிக்கையில் இடம்பெற வேண்டியதாயிற்று. உப்பின் வழி ஒன்றேயாயின், அவ்வழியைக் காப்பவனே எசமானன் அன்றோ?

இன்று கோட்டைகள் வழிமறிப்பதில்லை, வானமே வழிமறிக்கின்றது. புத்தளத்து உப்பு, பெப்ரவரி மார்ச் மாதங்களை ஒட்டியும், ஆண்டின் நடுவிலுள்ள நீண்ட கோடையிலும் விளைவது. ஒரு போகம் தவறினால் மறுபோகமும், புத்தளம் தவறினால் அம்பாந்தோட்டையும் கைகொடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பெய்த காலந்தவறிய மழை அந்நம்பிக்கையை அசைத்தது. இரு கரைகளிலும் விளைச்சல் குன்றியது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. உப்புப் பையின் விலை ஏறியதையும், கடைத் தட்டுக்கள் வெறுமையாய்க் கிடந்ததையும் இல்லத்தரசியர் மறந்திரார். மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்க்கப்படல் வேண்டும் என்பது நாட்டின் சட்டம். ஆகவே கப்பலில் வந்திறங்கிய உப்பும் நேரே அடுப்படிக்குச் செல்ல இயலாது. அயடீன் சேர்க்கும் ஆலை என்னும் மற்றொரு படியையும் அது கடந்தாக வேண்டும்.

விளையுமிடம் முதல் உண்ணுமிடம் வரையுள்ள இத்தொடர்பை வணிக இயல் அறிஞர் வழங்கற் சங்கிலி என்பர். ஒரு கண்ணி அறுந்தாலும் முழுவதும் அறாதிருக்கும் வலிமையே அதன் சிறப்பு என்பது அவர்கள் கூறும் பாடம். உப்பளங்கள் பல இருந்தால் மட்டும் போதாது. ஒரே மழை எல்லாவற்றையும் நனைத்துவிடலாம். நல்ல ஆண்டில் விளைந்ததன் ஒரு பகுதியைத் தீய ஆண்டுக்கென ஈரம் புகாத களஞ்சியத்தில் சேர்த்துவைத்தலே உறுதியான காவல். உப்பு ஈரம் படாதவரை கெடாத பொருளாதலின், இது ஆகாத காரியமன்று.

இன்னொன்றும் உண்டு. கடனீரேரியின் நீர் மாசுபட்டால் அதனைக் குடித்து விளையும் உப்பும் தூய்மை கெடும். இறால் வளர்ப்புக்கென இக்கரையோரத்தில் கண்டற் காடுகள் பல இடங்களில் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காத்தல் மீனவருக்கு மட்டுமன்றி, உப்பு விளைப்போருக்கும் உரிய கடமையாகும்.

வெயிலை வருவிக்க மனிதனால் முடியாது. வெயில் தந்ததை வீணாக்காது காத்துவைக்க முடியும். கிடுகால் மூடிய உப்புக் குவியலைக் கட்டிக் காத்த அன்றைய புத்தளத்துத் தொழிலாளி அறிந்திருந்ததும் இவ்வுண்மையையே.