கட்சிப்பற்றும் கழகப்பற்றும்

(வலிகாமத்து ஊரொன்றின் வாசிகசாலையில், விளையாட்டுக் கழகத்தாரும் கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அரசியல் பற்றிப் பேச வேண்டுமென்று எம்மை அழைத்திருக்கிறீர்கள். இந்த வாசிகசாலையின் பின்புறத்திலே உங்கள் மைதானம் இருக்கிறது. நாம் இன்று பேச விரும்புவதும் அந்த மைதானத்தின் வரம்பிலேதான் தொடங்குகிறது. ஆதலால் பாராளுமன்றத்துக்குப் போவதற்கு முன் சிறிது நேரம் அங்கே நிற்போம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு மாலை, இது போன்ற மைதானமொன்றிலே ஆட்டம் முடிந்த பின்பும் ரசிகர்கள் வீடு திரும்பாமல் வாதாடிக் கொண்டிருந்ததை நாம் கேட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “எங்கள் தகப்பனார் எந்தப் பக்கமோ நாங்களும் அந்தப் பக்கம். பாடும்மீன் தோற்றுவிட்டதென்று குருநகர்க்காரன் நாவாந்துறை சென் மேரிசுக்குக் கைதட்டுவானோ?” அதற்கு ஓர் இளைஞன், “தோற்றால் பரவாயில்லை மாஸ்டர். தலைவர் யாரென்று நீதிமன்றத்திலே வழக்காடிக் கொண்டிருக்கிற அணிக்கு எப்படிக் கைதட்டுவது?” என்று கேட்டான். இருவர் பேச்சையும் கேட்டிருந்த கமக்காரர் ஒருவர் கடைசியாக வாய் திறந்தார். “எனக்கு அணியைப் பற்றித் தெரியாது. இரண்டு போகம் முளைக்காத விதையை மூன்றாம் போகம் நான் போட மாட்டேன். அதற்காகக் காணியை விற்றுவிட்டுப் போகவும் மாட்டேன்” என்றார்.

அன்பர்களே, அந்த வரம்பிலே பேசப்பட்ட இந்த மூன்று பேச்சும் எம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆசிரியர் சொன்னதிலே உண்மை இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். தோல்வியிலும் தன் கழகத்தைக் கைவிடாதவன் மதிப்புக்குரியவன். வெல்லும் பக்கம் ஓடுகிறவனை எந்த ஊரும் மதித்ததில்லை. ஆனால் அவர் பற்று வைத்திருப்பது எதன்மேல் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கழகத்துக்கு ஆடியவர்கள் இன்று ஆடவில்லை. பயிற்றுநர் மாறிவிட்டார். செயலாளரும் பொருளாளரும் எத்தனையோ முறை மாறிவிட்டார்கள். மாறாமல் இருப்பது அந்த ஊர் ஒன்றே. அவர் பற்று வைத்திருப்பது ஊரின்மேல். பதினொருவர் அந்த ஊருக்காக அன்றைக்கு ஆடத் தெரிவு செய்யப்பட்டவர்கள், அவ்வளவே.

அரசியலிலே எமது ஊர் எது? எமது மக்களே எமது ஊர். எமது மொழியும் நிலமும் உரிமையுமே எமது கழகம். கட்சி என்பது அந்தக் கழகத்துக்காக ஆடும்படி இந்த முறை நாம் இறக்கிய அணி. கழகத்துக்கு உரிய பற்றை அணிக்குக் கொடுத்துவிட்டோம் என்பதே எமது பிழை என்று நாம் கருதுகிறோம்.

ரசிகனிடம் இன்னொரு குணமும் உண்டு. கழகத்தை மாற்றாத அதே ரசிகன், பந்தைத் தவறவிட்ட பின்கள ஆட்டக்காரனை வரம்பிலே நின்று பெயர் சொல்லித் திட்டுவான். நிருவாகத்தாரின் உறவினன் என்பதற்காக ஒருவனை அணியிலே சேர்த்தால், அதை ஆண்டுப் பொதுக் கூட்டத்திலே எழுந்து கேட்பான். அவனை ஒருவரும் துரோகி என்று அழைப்பதில்லை. கழகத்தின்மேல் உள்ள அன்பினால் கேட்கிறான் என்று எல்லாரும் அறிவர். அரசியலிலே மட்டும் கேள்வி கேட்டவுடன் அந்தச் சொல் வந்துவிடுகிறது.

அந்தச் சொல்லின் விலை என்னவென்று இங்கிருக்கும் மூத்தோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். யாழ்நகரிலே பெரிய உதைபந்தாட்டப் போட்டிகள் நடைபெறும் அரங்குக்குத் துரையப்பா விளையாட்டரங்கு என்று பெயர். அந்தப் பெயருக்குரிய அல்பிரட் துரையப்பா யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்தவர். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் பலர் இருந்தனர். ஏற்காதிருக்க அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் 1975ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பொன்னாலைக் கோயில் வாசலிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துரோகி என்ற சொல் முன்னே சென்றது, துப்பாக்கி பின்னே சென்றது. பின்வந்த ஆண்டுகளில் அந்தச் சொல்லுக்குப் பலியானவர்களிலே அவரை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். வாக்குச்சீட்டினாலே வெளியேற்றக்கூடிய ஒருவரை வேறெந்த வழியாலும் வெளியேற்றத் தேவையில்லை என்பதை நாம் மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றோம்.

இனி, எமது மக்கள் பரம்பரையாக ஒரே பக்கம் வாக்களித்து வந்தவர்கள் என்று சொல்லப்படுவது மெய்தானா? வரலாற்றைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வடக்கு மக்கள் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் தமிழ்க் காங்கிரசைப் பெருவெற்றி பெறச் செய்தனர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று, காங்கிரஸ் பிளவுபட்டது, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அதைத் தோற்றுவித்த செல்வநாயகம் அவர்களை 1952இல் காங்கேசன்துறைத் தொகுதி தோற்கடித்தது. தந்தை என்று பின்னர் போற்றப்பட்டவரையே தோற்கடித்தது. 1956இல் அதே தொகுதி அவரைத் தெரிவு செய்தது. அவருடைய கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. நான்கு ஆண்டுகள் அவர் சொன்னதையும் நாட்டில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்த மக்கள், தம் தீர்ப்பைத் தாமே திருத்தினார்கள்.

1970ஆம் ஆண்டைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தொகுதியிலே பொன்னம்பலம் தோற்றார். வட்டுக்கோட்டையிலே அமிர்தலிங்கமும், நல்லூரிலே நாகநாதனும் தோற்றனர். இரு கட்சிகளின் முன்னணி ஆட்டக்காரரும் ஒரே நாளில் வரம்புக்கு வெளியே அனுப்பப்பட்டனர். இது கண்மூடிய பற்றுள்ள மக்கள் செய்யும் காரியமா?

ஆயினும் அந்தத் தேர்தலிலே இன்னொரு பாடமும் உண்டு. வட்டுக்கோட்டையிலும் நல்லூரிலும் காங்கிரஸ் சார்பில் வென்ற தியாகராசாவும் அருளம்பலமும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்று, 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆதரித்தனர். பழைய ஆட்டக்காரனை நீக்கியதால் மட்டும் கோல் விழுந்துவிடாது. சினத்தினால் ஒருவரை நீக்குவது எளிது. அவருக்குப் பதிலாக இறங்குகிறவர் எந்தப் பக்கத்துக் கோலை நோக்கி உதைக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டறிவது கடினம். பற்று என்ற பெயரால் கண்ணை மூடுவதும், மாற்றம் என்ற பெயரால் கண்ணை மூடுவதும் ஒரே பிழையே.

உதைபந்தாட்டத்தையும் அரசியலையும் கலந்தவர்கள் நாம் மட்டுமல்லர். பிரேசில் நாட்டிலே 1964 முதல் இராணுவ ஆட்சி நடந்தது. அந்தக் காலத்தில், சாவோ பவுலோ நகரின் கொரிந்தியன்ஸ் கழகத்து ஆட்டக்காரர்கள் தம் கழகத்துள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி நேரம் முதலாகக் கழகத்தின் எல்லாக் காரியங்களையும் வாக்கெடுத்துத் தீர்மானிப்பது. புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கும் ஒரு வாக்கு, சிற்றூழியருக்கும் ஒரு வாக்கு. அவர்களுக்கு முன்னின்றவர் சோக்கிரட்டீஸ் என்பவர்; அவர் ஒரு வைத்தியர். 1982 நவம்பர் 15ஆம் திகதி, மாநில ஆளுநர்களை மக்களே தெரிவு செய்யும் தேர்தல் நெடுங்காலத்தின் பின் வந்தது. அப்போது அந்த அணியினர் தம் சட்டையின் முதுகில் ‘15ஆம் நாள் வாக்களியுங்கள்’ என்று பொறித்துக் கொண்டு ஆடினார்கள். எந்தக் கட்சிக்கு என்று பொறிக்கவில்லை. ரசிகனைக் குடிமகனாக்குவதே அவர்கள் எடுத்துக்கொண்ட பணி.

இத்தாலியிலே நடந்தது இதற்கு நேர்மாறு. ஏ. சி. மிலான் கழகத்தின் உரிமையாளரான பெர்லுஸ்கோனி, 1994ஆம் ஆண்டு ஒரு கட்சி தொடங்கினார். தேசிய அணிக்காக மைதானத்திலே எழுப்பும் ‘போர்சா இத்தாலியா’ என்ற ஆரவாரத்தையே அதற்குப் பெயராக வைத்தார். சில மாதங்களிலேயே பிரதமரானார். குடிமகனை ரசிகனாக்குவது எத்தனை எளிது என்பதை உலகம் அன்று கண்டது. இவ்விரண்டு வழிகளிலே எமது கழகங்கள் எதைப் பின்பற்றப் போகின்றன?

எமது வாக்குச்சீட்டுக்கு வருவோம். இங்கே அணியையும் தெரிவு செய்யலாம், ஆட்டக்காரரையும் தெரிவு செய்யலாம். முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இட வேண்டும்; பின்னர் அதே பட்டியலில் மூவர் வரையில் விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிப்பற்றை விட முடியாதவர்கூட, தம் கட்சிக்குள் உழைத்தவரையும் உறங்கியவரையும் பிரித்தறிய இங்கே வழி உண்டு. விருப்பு வாக்கை வெறுமையாக விடுகிறவர், அணித் தெரிவை மற்றவர் கையில் ஒப்படைக்கிறார்.

ஆசனங்கள் பகிரப்படும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்குக் குறைந்த வாக்குப் பெற்ற பட்டியல்கள் முதலிலேயே நீக்கப்படும். முதலிடம் பெற்ற பட்டியலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் கிடைக்கும். எஞ்சியவையே வாக்கின் அளவுக்கேற்பப் பகிரப்படும். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2020இல் ஏழாக இருந்த ஆசனங்கள் 2024இல் ஆறாகக் குறைந்தன. அந்த ஆறுக்காக வீடு, சைக்கிள், சங்கு என்று எம்மவர் பல அணிகளாகப் பிரிந்து இறங்கினர். சுயேச்சைக் குழுக்களும் திரண்டு வந்தன. திசைகாட்டிச் சின்னத்தில் இறங்கிய தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழக் கால்வாசி வாக்குகளோடு மூன்று ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழு ஒன்றுக்கு ஒன்று. கால்வாசி வாக்கு அரைவாசி ஆசனமாயிற்று. இதற்காக வென்றவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரே கோலைக் காப்பதாகச் சொல்லிக் கொண்டு பல அணிகள் இறங்கி, ஒருவர் காலை ஒருவர் தட்டிவிட்டால் விளைவு வேறெப்படி இருக்கும்? வென்ற மூவருக்கும் ஒன்று சொல்வோம்: உங்கள் ஆட்டத்தையும் நாம் வரம்பிலே நின்று பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, மைதானத்துக்கும் அரசியலுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் மத்தியஸ்தர் ஊதுவார். எத்தனை கோல் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அரசியலிலே ஊதுவதற்கு ஒருவரும் இல்லை. கோல் கணக்கை நாமே எழுதாவிட்டால், தோற்றவரும் மேடையேறி வென்றோம் என்பார். ஆகவே கணக்கை நாமே எழுதத் தொடங்குவோம்.

இந்த வாசிகசாலையிலே ஒரு கொப்பி வையுங்கள். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் அறுவடையாகும் வேளையில் வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்கியபோது அவர் என்ன பேசினார்? வலிகாமம் வடக்கிலே 1990இல் விட்டுவந்த காணிகளைப் பற்றி எத்தனை முறை கேள்வி எழுப்பினார், என்ன பதில் பெற்றார்? 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபை தேர்தலின்றிக் கிடந்த ஆண்டுகளில் என்ன செய்தார்? பாராளுமன்றத்தில் பேசியதெல்லாம் ஹன்சாட்டிலே கிடைக்கிறது. உத்தியோகத்தரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் அதைப் படித்து எழுதட்டும். வாக்குறுதி வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்ததா என்பதைக் கமக்காரர் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒரு முறை உறுப்பினர்களை இங்கே அழைத்து, அந்தக் கொப்பியை அவர் முன்னே விரித்து வையுங்கள். மாலை வேண்டாம், மேளமும் வேண்டாம். ஒரு கதிரையும் ஒரு குவளை தேநீரும் போதும்.

அடுத்த பொதுத் தேர்தல் வரும்போது அந்த ஆசிரியரும் இளைஞனும் மீண்டும் அதே வரம்பில் நின்று வாதாடுவார்கள், வாதாட வேண்டும். ஆசிரியர் தம் பழைய பக்கத்துக்கே புள்ளடி இடலாம். இளைஞன் வேறு பக்கத்துக்கு இடலாம். கொப்பியைப் படித்துவிட்டு இட்டார்களானால் இருவரையும் நாம் வணங்குவோம். புள்ளடி இட்ட பின் இருவரும் ஒன்றாகவே மைதானத்துக்கு வந்து, ஒரே கழகத்துக்குக் கைதட்டுவார்களானால், அந்தக் கமக்காரர் சொன்னதன் பொருளை இந்த ஊர் விளங்கிக்கொண்டது என்று நாம் அறிவோம். விதையை மாற்றுங்கள், அல்லது மாற்றாமல் விடுங்கள். அது உங்கள் தீர்ப்பு. காணியை மட்டும் கைவிடாதீர்கள்.